14 வயது மகளுக்கு ஃபிரீஸ்டைல் ஸ்கீ பயிற்சி முகாம்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

பேர்ண் தந்தை எழுதியது:

வணக்கம். பேர்ண் மாநிலத்தில் வசிக்கும் எங்கள் மகள், பாடசாலை ஸ்கீலாகரில் (பனிச்சறுக்கு முகாமில்) முதன்முறையாகப் பனியில் கால் வைத்தவள். இப்போது உள்ளூர்க் கழகத்தின் இளையோர் குழுவில் ஒழுங்காக ஸ்கீ ஓடுகிறாள். கடந்த இரண்டு குளிர்காலங்களாக அவளுடைய மனம் முழுவதும் ஃபிரீஸ்டைலில்தான் இருக்கிறது. அடெல்போடன்-லெங்கில் உள்ள கிரான் மாஸ்டா பார்க் என்ற, தாவுமேடைகள் அமைத்த பனித்திடலுக்குப் போனால், லிஃப்ட் நிற்கும் வரை அங்கிருந்து அவளை அழைத்து வர முடியாது. சிறிய கிக்கரில் (தாவுமேடையில்) 180 பாகை திரும்பி உறுதியாக இறங்குகிறாள். பாக்ஸ் எனப்படும் அகலமான பெட்டியின் மேல் நேராகச் சறுக்குகிறாள். 360 செய்யும்போது சுழற்சி முடிந்துவிடுகிறது, ஆனால் இறங்கும் வேளையில் உடல் பின்னால் சாய்ந்து, பல தடவை உட்கார்ந்துவிடுகிறாள். கழகப் பயிற்றுநர்கள் அன்பானவர்கள். ஆனால் அவர்கள் அனைவரும் அல்பைன் பந்தய ஓட்டத்திலிருந்து வந்தவர்கள்.

இந்த ஆண்டு ஒரு நல்ல பயிற்சி முகாமுக்கு அவளை அனுப்ப விரும்புகிறோம். கோடைகாலத்தில் சாஸ்-ஃபேயின் பனிப்பாறைக்கு அனுப்புவதா, மெட்மென்ஸ்டெட்டனில் உள்ள நீர்த்தாவல் தளத்தில் சேர்ப்பதா, அல்லது உறவினர்கள் கனடாவில் இருப்பதால் விஸ்லருக்கே அனுப்பிவிடுவதா என்று வீட்டில் நீண்ட நாட்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். விளம்பரப் படங்களைப் பார்த்தால் எல்லா முகாம்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் எதை அளவுகோலாகக் கொள்வார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

கூர்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணா. கிரவ்புண்டன் மாநிலத்தில் ஒரு கழகத்தின் ஃபிரீஸ்டைல் குழுவுக்கு J+S (கூட்டரசின் இளையோர் விளையாட்டுத் திட்டம்) தலைவராக உதவி வருகிறேன். முகாமின் பெயரைப் பார்ப்பதற்கு முன், மகள் எந்தப் பிரிவை நோக்கிப் போகிறாள் என்பதை நீங்கள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபிரீஸ்டைல் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே தொடர்புள்ள பல விளையாட்டுகள் இருக்கின்றன. மேடுபள்ளங்களுக்கிடையே இறங்கும் மோகல் 1992இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, காற்றில் தலைகீழாகச் சுழலும் ஏரியல்ஸ் 1994இல், ஸ்கீகிராஸ் 2010இல், ஹாஃப்பைப்பும் ஸ்லோப்ஸ்டைலும் 2014இல், பிக் ஏர் 2022இல். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவள் நிற்கும் இடம் ஸ்லோப்ஸ்டைல். அதாவது ரெயில் (மேலே சறுக்கும் இரும்புக் கம்பி), பாக்ஸ் ஆகியவற்றையும் பெரிய தாவல்களையும் ஒரே ஓட்டத்தில் இணைக்கும் பிரிவு. மோகலுக்கென்று அமைந்த முகாமில் பணத்தைச் செலுத்திவிட்டு, அங்கே ஒரு ரெயில்கூட இல்லை என்று பிள்ளை ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய 360 பற்றி ஒரு விடயம். இறங்கும் இடத்தில் தெரியும் அந்தக் குறை பெரும்பாலும் ஏறும் இடத்தில் உண்டாகிறது. கிக்கரின் முனை மேல்நோக்கி வளையும்போது, அச்சத்தில் பிள்ளைகள் உடலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்துவது அந்த நொடியில் விட்டுப்போகிறது. தரையை விட்ட பிறகு உடலின் சுழற்சி உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கைகளை நெஞ்சோடு சேர்த்தால் வேகமாகச் சுழலலாம், விரித்தால் மெதுவாகச் சுழலலாம், அவ்வளவுதான். ஆகவே பின்சாய்வோடு கிளம்பியவள் பின்சாய்வோடுதான் இறங்குவாள். இதைத் திருத்துவதற்குப் பெரிய தாவுமேடையோ உயர்ந்த மலையோ தேவையில்லை. ஒரே சிறிய தாவலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பும், ஒவ்வொரு தடவையும் கிளம்பும் கணத்தைக் கவனித்துச் சொல்லும் ஒரு கண்ணும் போதும்.

அந்த வாய்ப்பைக் கோடையிலும் பெறலாம். எங்கள் மாநிலத்தின் லாக்ஸில் 2010இல் திறக்கப்பட்ட ஃபிரீஸ்டைல் அகாடமி என்ற உள்ளரங்கில் டிரம்போலின்களும் பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியும் இருக்கின்றன. முதலில் வெறும் காலுடன் டிரம்போலினில் உடலின் அச்சைப் பழகி, பிறகு பலகைகளோடு குழிக்குள் தாவிப் பழகி, அதற்குப் பின் பனிக்குப் போகும் வரிசையைத்தான் நான் எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைப்பேன்.

நீர்த்தாவல் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் சூரிச் மாநிலத்தில் வளர்ந்தவள். மெட்மென்ஸ்டெட்டன் தளத்தில் பல கோடைகளைக் கழித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அங்கே சரிவு முழுவதும் நெகிழித் தூரிகை போன்ற விரிப்பு பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் தொடர்ந்து நீர் தெளிக்கப்படுவதால் பலகைகள் பனியில் போலவே சறுக்கும். சரிவின் முடிவில் வெவ்வேறு உயரமும் வளைவும் கொண்ட தாவுமேடைகள், அவற்றுக்குக் கீழே ஆழமான குளம். பெரிய தாவல்களின்போது குளத்தின் அடியிலிருந்து காற்றுக் குமிழ்களை எழுப்பி நீரை மென்மையாக்குவார்கள். தலைக்கவசம், நீருடை, மிதவைச் சட்டை ஆகிய மூன்றும் அணிந்தே தாவ வேண்டும். விழுந்த பிறகு பலகைகளோடு கரைக்கு நீந்தி வந்து, அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு படிகளில் மேலே ஏற வேண்டும். மாலையானதும் தொடைகள் நடுங்கும். தண்ணீரில் விளிம்பு இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், புதிய பலகைகளைக் கொண்டுபோகாதீர்கள். பழைய சோடி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஏரியல்ஸ் பிரிவில் 1994இல் லில்லஹாமரில் சோனி ஷோன்பெக்லரும் 2006இல் டூரினில் எவலின் லொய்யும் இந்த நாட்டுக்குத் தங்கம் வென்றார்கள். அந்தப் பிரிவில் தலைகீழாகச் சுழலுபவர்கள் கோடை முழுவதும் நீரில் தாவித்தான் பனிக்கு வருகிறார்கள். அச்சமின்றித் தவறுவதற்கு இடம் கிடைப்பதுதான் அங்குள்ள பெரும் பயன். பனியில் ஒரு தடவை மோசமாக விழுந்த பிள்ளை அடுத்த தாவலுக்குத் தயங்கும். நீரில் விழுந்தவள் சிரித்துக்கொண்டே படியேறுவாள். உங்கள் மகள் 360ஐத் துணிவோடு பழக இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

கூர்வாசி எழுதியது:

தங்கச்சி சொல்வதில் துணிவைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நீர்த்தளம் காற்றில் உடலை வைத்திருக்கக் கற்றுத்தருமே தவிர, இறங்கக் கற்றுத்தராது. நீருக்குள் சற்றுப் பின்சாய்ந்து விழுந்தாலும் எந்த விளைவும் இல்லாததால், அந்தப் பழக்கம் உடலில் தங்கிவிடக்கூடும். இந்தப் பிள்ளைக்கு இருக்கும் சிக்கலே இறக்கம்தான். அதற்கு, இறங்கும் சரிவைப் போலவே சாய்வாக அமைக்கப்பட்ட ஏர்பேக் (காற்று நிரப்பிய பெரிய மெத்தை) பொருத்தமானது. அதன்மேல் கால்களால் இறங்கி, நின்று, தொடர்ந்து சறுக்கிப் போக முடியும். பிழைத்தாலும் உடல் தாங்கிக்கொள்ளும். ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக்குக்கு வடமேற்கே ஷார்னிட்ஸில் உள்ள பாங்கர் பார்க் இதற்கென்றே அமைந்தது. பல நாட்டு அணிகள் கோடையில் அங்கே பயில்கின்றன. தூரம் கூடுதல்தான். ஆனாலும் நீர், ஏர்பேக், பனி என்ற வரிசையில் நடுப்படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வலே பனி எழுதியது:

வணக்கம். வலே மாநிலத்தில் பனிப்பாறை லிஃப்ட் ஒன்றில் வேலை செய்பவன் என்பதால், பனியின் நிலையை மட்டும் பேசுகிறேன்.

கோடைகாலப் பனிப்பாறை முகாம் என்றதும் நாள் முழுவதும் ஓடலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் விடியற்காலையில் மேலே போனால், முற்பகலிலேயே பனி கஞ்சியாகக் குழைந்துவிடும். நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். பிற்பகலில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல முகாமும் சாதாரண முகாமும் பிரிகின்றன. நல்ல முகாமில் காணொளியைப் பார்த்துத் திருத்துவதும், டிரம்போலினில் பயில்வதும், உடற்பயிற்சியும் நடக்கும். மற்றவற்றில் பிள்ளைகள் அறையில் கைப்பேசியோடு இருப்பார்கள்.

மேலும், கோடைப் பனியை இனி எவரும் உறுதியாக வாக்களிக்க முடியாது. 2022 ஜூலை இறுதியில் வெப்பத்தின் காரணமாக செர்மட்டிலேயே கோடை ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடம் என்று பெயர் பெற்ற மலை அது. அதே ஜூலையின் முற்பகுதியிலேயே பிரான்ஸின் லே டூ ஆல்ப் தன் பனிப்பாறைப் பருவத்தை முடித்துக்கொண்டது. சுவிஸ் பனிப்பாறைகள் 2022இல் தம் எஞ்சிய கனவளவில் ஏறத்தாழ 6 சதவீதத்தையும், அடுத்த ஆண்டில் மேலும் 4 சதவீதத்தையும் இழந்தன. நாள்தோறும் அந்தப் பனியின்மேல் நடக்கும் எங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல; கம்பங்களை நட்ட இடத்தில் மறு ஆண்டு பாறை தெரிகிறது. ஆகவே எந்தக் கோடை முகாமுக்குப் பணம் கட்டுவதாயினும், பனி இல்லாமல் மூடப்பட்டால் முழுத் தொகையும் திரும்பி வருமா, அல்லது மாற்று இடத்துக்கு அழைத்துப் போவார்களா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இலையுதிர் விடுமுறையைக் கவனியுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒக்டோபரில் சாஸ்-ஃபேயில் பார்க் முழு அளவில் கட்டப்பட்டு, பல நாட்டு அணிகள் வந்து பயில்கின்றன. ஊர் 1,800 மீற்றரில் இருக்கிறது; நிலத்தடித் தொடருந்தில் ஏறி இறங்கும் இடமோ ஏறத்தாழ 3,500 மீற்றர். முதல் நாள் பலருக்குத் தலைவலி வரும் என்பதால், அன்று மகள் பெரிய தாவல் எதையும் முயலாமல் மெதுவாக ஓடட்டும். காலையில் இறங்குதளம் பனிக்கட்டியாக இறுகியிருக்கும்; வெயில் பட்டு மேல்பரப்பு சற்று நெகிழ்ந்த பிறகே புதிய முயற்சிகளுக்கு அனுமதிக்கும் பயிற்றுநரைத்தான் நம்பலாம்.

கியூபெக் குளிர் எழுதியது:

வணக்கம் தம்பி. கனடாவிலிருந்து எழுதுகிறேன். என் இரு பிள்ளைகளும் மோகல் கழகத்தில் வளர்ந்தவர்கள்.

விஸ்லரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே மொமென்டம் முகாமை 1992இல் தொடங்கியவர் ஜோன் ஸ்மார்ட். 1992, 1994 ஒலிம்பிக்குகளில் கனடாவுக்காக மோகல் ஓடியவர். அந்த முகாமின் வேர் மோகலில்தான் இருக்கிறது. பார்க் பிரிவுகளும் பின்னர் சேர்ந்தன. விஸ்லரின் பிளாக்கோம்ப் மலையிலுள்ள ஹோர்ஸ்ட்மன் பனிப்பாறையும் சுருங்கி வருவதால், வலே பனி சொன்ன எச்சரிக்கை அங்கும் பொருந்தும். சுவிஸில் வாழும் ஒரு பிள்ளை, இவ்வளவு மலைகளையும் தளங்களையும் அருகில் வைத்துக்கொண்டு, முதல் முகாமுக்கே கடல் கடந்து வர வேண்டிய தேவை இல்லை. விமானச் செலவில் ஒரு பருவம் முழுவதற்குமான கழகப் பயிற்சியைப் பெற்றுவிடலாம்.

ஆனால் மோகலை இங்கே சிலர் ஒதுக்கிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. மோகல் போட்டியில் திருப்பங்களுக்கு 60 சதவீதமும், தாவல்களுக்கு 20 சதவீதமும், வேகத்துக்கு 20 சதவீதமும் மதிப்பெண். அதாவது காற்றில் எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், பனியில் ஓடத் தெரியாவிட்டால் அங்கே இடமில்லை. முழங்காலை மடக்கி மேட்டை உள்வாங்குவதும், அடுத்த பள்ளத்தில் பலகையின் நுனியை உடனே பதிப்பதும், எப்போதும் உடலின் நடுவில் நிற்பதும் மோகல் தரும் கல்வி. பின்சாய்ந்து இறங்கும் பிள்ளைக்கு அதைவிட நேரடியான மருந்து உண்டா? எங்கள் மாகாணத்து மோகல் வீரர் மிக்காயெல் கிங்ஸ்பரியைப் பாருங்கள். தாவலுக்கு முன்னும் பின்னும் அவருடைய மேலுடல் அசைவதே இல்லை.

இங்கே கழகங்களில் பின்பற்றும் ஒரு முறையையும் சொல்கிறேன். தலைகீழ்ச் சுழற்சி எதையும் முதலில் நீரிலோ ஏர்பேக்கிலோ தகுதி பெற்ற பயிற்றுநரின் முன் சரியாகச் செய்து காட்டிய பிறகே பனியில் அனுமதிப்பார்கள். கியூபெக் நகருக்கு அருகே லாக்-போபோர்ட்டில் உள்ள நீர்த்தளம் கோடையில் நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். எந்த முகாமிலாவது, முதல் வாரத்திலேயே பேக்ஃபிளிப் (பின்னோக்கிய தலைகீழ்ச் சுழற்சி) கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்தால், அங்கிருந்து விலகியிருங்கள்.

கூர்வாசி எழுதியது:

அக்கா, மோகல் தரும் அடிப்படையை நான் மறுக்கவில்லை. ஆனால் 14 வயதில் ஒரு பிள்ளையை அவள் விரும்பாத பிரிவில் கட்டிவைத்தால், அடிப்படை உருவாகும் முன் ஆர்வம் போய்விடும். கழகப் பயிற்சியில் வாரத்துக்கு ஒரு முறை மேடுபள்ளச் சரிவில் ஓடட்டும். முகாம் அவள் விரும்பும் ஸ்லோப்ஸ்டைலாகவே இருக்கட்டும். காலம் கடந்துவிட்டது என்ற கவலையும் வேண்டாம். 2018இல் ஸ்லோப்ஸ்டைல் தங்கம் வென்ற சேரா ஹொஃப்லின் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பின்னரே இதில் முழுமையாக இறங்கியவர். அதே போட்டியில் வெள்ளி பெற்று, 2022இல் தங்கம் வென்ற மத்தில்ட் கிரமோ, உங்கள் அயல் மாநிலமான ஃபிரிபூர்கைச் சேர்ந்தவர்.

தாதிப்பணி எழுதியது:

வணக்கம். எலும்பு முறிவுப் பிரிவில் பணிபுரியும் தாதி என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த விளையாட்டில் முழங்கால்தான் அதிகம் அடிபடும் உறுப்பு. குறிப்பாக முன் சிலுவைத் தசைநார். பின்சாய்ந்து இறங்கும்போது அதன்மேல் விழும் இழுவை மிகப் பெரிது. ஆகவே மகளின் அந்தக் குறையைத் திருத்தாமல் பெரிய கிக்கருக்கு அனுப்புவது ஆபத்தானது. வளரும் வயதில் உள்ள பெண் பிள்ளைகளுக்குத் தொடையின் பின்தசையையும் இடுப்பையும் வலுப்படுத்தும் பயிற்சி முகாமுக்கு முந்தைய மாதங்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும். தலைக்கவசத்தோடு முதுகுக்காப்பும் அணியட்டும். பைண்டிங்கின் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டின்) விடுவிப்பு அளவை, அவளுடைய இன்றைய எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப, கடையில் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆண்டில் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்துவிடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. தலையில் அடிபட்டால், வலி இல்லை என்று பிள்ளை சொன்னாலும், அன்று அவளை மீண்டும் மேலே அனுப்பாத விதி முகாமில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காப்புறுதியும் முக்கியம். பிள்ளைகளுக்கு விபத்துச் சிகிச்சை அடிப்படை மருத்துவக் காப்புறுதியிலேயே அடங்கும். ஆனால் மீட்புச் செலவில் பாதியை மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரைதான், அது தரும். ஹெலிகொப்டர் வந்தால் மீதி உங்கள் கையிலிருந்து போகக்கூடும். ரேகா என்ற வான்மீட்புச் சேவையின் ஆதரவாளராக இருப்பதோ மேலதிகக் காப்புறுதி வைத்திருப்பதோ அவசியம். கனடாவுக்கு அனுப்புவதானால், அவசரச் சிகிச்சைக்கு இங்கு ஆகும் செலவின் இரு மடங்கு வரைதான் அடிப்படைக் காப்புறுதி ஏற்கும் என்பதால், பயணக் காப்புறுதி இல்லாமல் அனுப்பவே கூடாது.

பேர்ண் தந்தை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு உணவின்போது எல்லாப் பதில்களையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மோகல் என்றதும் முகம் சுளித்தாள்; ஆனால் கிங்ஸ்பரியின் ஓட்டத்தைக் காணொளியில் பார்த்த பிறகு, அதை வாரம் ஒரு முறை முயல ஒத்துக்கொண்டாள்.

எங்கள் எண்ணம் இப்போது இப்படி அமைகிறது. கோடையில் மெட்மென்ஸ்டெட்டனில் ஒரு தொடக்கப் பயிற்சி. பின் விடுமுறையில் ஒரு தடவை ஷார்னிட்ஸ் ஏர்பேக். ஒக்டோபர் விடுமுறையில் சாஸ்-ஃபேயில் ஒரு வார முகாம். விஸ்லரைத் தள்ளிவைத்துவிட்டோம். ஒக்டோபர் முகாமை நடத்தும் இரு தரப்பினரின் விபரங்கள் கையில் உள்ளன. ஒன்றில் புகழ்பெற்ற போட்டியாளர் ஒருவர் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு ஓடுவார் என்று போட்டிருக்கிறார்கள். மற்றது பிராந்திய ஸ்கீ சங்கத்தோடு இணைந்த கழகம் ஒன்று நடத்துவது. விளம்பரம் எளிமையாக இருக்கிறது. இரண்டுக்கும் மின்னஞ்சல் எழுதப் போகிறேன். எவற்றைக் கேட்க வேண்டும்?

கூர்வாசி எழுதியது:

அண்ணா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை முதலில் கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால், ஒரு காலைப் பொழுதில் உங்கள் மகளின் தாவல்களில் பெரும்பாலானவற்றை எவரும் பார்க்கமாட்டார்கள். பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்கிறார்களா, திறனை வைத்துப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். திறனை முதல் நாள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். வாரம் முழுவதும் அதே பயிற்றுநர் அவளோடு இருப்பாரா என்பது மிக முக்கியம். நாளுக்கு ஒருவர் மாறினால், திங்களன்று சொன்ன திருத்தம் செவ்வாயன்று தொலைந்துபோகும். பயிற்றுநர்களின் தகுதிச் சான்று என்ன, அவர்களில் எத்தனை பேர் ஸ்லோப்ஸ்டைலில் பயிற்சி தருபவர்கள் என்றும் கேளுங்கள். நன்றாகத் தாவுபவர் எல்லோரும் நன்றாகக் கற்றுத்தருபவர் அல்லர். J+S முகாமாகப் பதிவு செய்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அவ்வாறாயின் கூட்டரசின் உதவித்தொகை கிடைப்பதால் கட்டணம் குறைய வாய்ப்புண்டு.

மின்னஞ்சலில் மகளின் 360 காணொளி ஒன்றை இணைத்து, இதைத் திருத்த அந்த வாரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கிளம்பும் கணத்தைப் பற்றி எவர் பதில் எழுதுகிறாரோ அவரிடம் அனுப்புங்கள்.

வலே பனி எழுதியது:

அதோடு, ஒக்டோபரில் பல நாட்டு அணிகள் வரும்போது பார்க்கின் சில பாதைகளை அணிகளுக்கென்று ஒதுக்குவதுண்டு. முகாமுக்குத் தனியாகச் சிறிய கிக்கர் பாதை உண்டா, அது எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். பெரிய பாதையில் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அவ்வளவு கட்டணம் தேவையில்லை.

பேர்ண் தந்தை எழுதியது:

இரு பதில்களும் வந்துவிட்டன. முதல் முகாமிலிருந்து கட்டண விபரமும் வரவிருக்கும் போட்டியாளரின் படமும் வந்தன. கழகத்திலிருந்து வந்த பதிலில், மகள் கிக்கரின் முனைக்கு வருவதற்கு முன்பே கைகளை வீசத் தொடங்குவதைச் சுட்டிக்காட்டி, முதல் இரு நாட்கள் சுழற்சியே இல்லாத நேர்த்தாவல்களும் 180களும்தான் என்றும், ஒரு பயிற்றுநருக்கு ஐந்து பிள்ளைகள் என்றும், சிறிய பாதை காலை ஒன்பதரை மணியிலிருந்து தங்களுக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். கழகத்தில் பதிவு செய்துவிட்டோம். மெட்மென்ஸ்டெட்டனுக்குக் கொண்டுபோக 150 சென்ரிமீற்றர் அளவில் பழைய இரட்டைமுனைப் பலகைகள் எவரிடமாவது இருந்தால் தனிமடலில் தெரிவியுங்கள். பேர்ண், ஃபிரிபூர்க், சொலத்தூர்ண் பகுதிகளுக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்வேன்.